ஒரு செல் இரவு விளக்கு

எங்க படகுத்துறையில மொத்தம் இருபத்திமூணு படி. ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் நேரா இறங்குது. அதுல மேல இருந்து ஏழாவது படி பாதி உடைஞ்சு போச்சு, மீதி பாதியில பாசி. பகல்ல எல்லாரும் அதைத் தாண்டிப் போயிடுவாங்க. இருட்டிட்டா அது எங்கே இருக்குன்னு கால்தான் கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்ச கால் அப்புறம் ஒரு மாசம் கட்டுல கிடக்கும்.

அதனால அந்தப் படிக்கு ஒரு விளக்கு வேணும்னு என் அத்தை மனு போட்டாங்க. அத்தை பயணப் படகு ஓட்டுறவங்க. அக்கரையில ஆஸ்பத்திரி, நூல் ஆலை, எங்க கடல்நீர்ப் பரிசோதனைக்கூடம் எல்லாம் இருக்கு. இக்கரையில வீடுகள். பாலம் வழியா சுத்தி வந்தா பத்தொன்பது கிலோமீட்டர். அத்தை படகுல பதினாலு நிமிஷம். கடைசிப் படகு ஏழரை மணிக்கு. வேலை முடிஞ்சு வர்ற மொத்த ஜனமும் அதுலதான் வரும், வந்து அந்த இருட்டுப் படியிலதான் ஏறும்.

மனு போட்டு பதினோரு வருஷம் ஆச்சு. நகராட்சியில ஒளியமைப்புப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அங்க மனுக்களைப் பார்க்குற எழுத்தர் எதைச் சொன்னாலும் 'மேற்படி'ன்னு ஆரம்பிப்பார். மேற்படி மனு, மேற்படி தேதி, மேற்படி டீ இன்னும் வரலையா. அதனால ஊர்ல அவருக்குப் பேரே மேற்படியார். ஒரு தடவை அவர் 'மேற்படி படிகள் பரிசீலனையில் உள்ளன'ன்னு சொன்னப்ப, அத்தை, மேற்படி நல்லாத்தான் இருக்கு சார், ஏழாவது படிதான் சரியில்லைன்னு சொல்லியிருக்காங்க. அவர் அதையும் குறிச்சு வச்சுக்கிட்டார்: 'மேற்படி நன்று என மனுதாரரே ஒப்புக்கொண்டார்.'

இந்த வருஷம் விஷயம் முத்திப் போச்சு. முதல்ல ஒரு நர்ஸ் விழுந்தாங்க. அடுத்து நிலைக்கண்ணாடி தூக்கிட்டு வந்த ஒருத்தர் விழுந்தார், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல, அவருக்குத்தான் விரிசல். துறைமுக ஆய்வாளர் வந்து பார்த்தார். இன்னும் ஒரே ஒரு ஆள் இருட்டுல விழுந்தா ஏழரை மணிப் படகை நிறுத்திடுவேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனார். அத்தை அந்தக் காகிதத்தைப் படகுல, மிதவை வளையத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சாங்க. ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும், தம்பி உங்க காலை நம்பித்தான் படகு ஓடுதுன்னு சொல்லித்தான் டிக்கெட்டே கிழிப்பாங்க.

சரியா அந்த வாரம்தான் கடல் எரிஞ்சுது.

எரிஞ்சுதுன்னா நிஜமா எரியல, நீலமா ஒளிர்ந்துச்சு. அத்தை துடுப்பை வச்சா துடுப்பு நீலம். அலை படியில மோதினா ஒரு நீலக் கோடு சரசரன்னு ஓடும். மீன் ஒண்ணு துள்ளினா யாரோ தீக்குச்சி உரசின மாதிரி. நான் பார்த்த உடனே செருப்போட தண்ணிக்குள்ள இறங்கிட்டேன். இதுக்காக நான் எத்தனை வருஷமா காத்திருக்கேன்னு பரிசோதனைக்கூடத்துல நான் கழுவுற கண்ணாடித் தகடுகளுக்குத்தான் தெரியும். அது பேரு நாக்டிலூகா. கடல்ல மிதக்குற ரொம்பச் சின்ன உயிரி, ஒரே ஒரு செல்தான் உடம்பு. ஊசி முனை அளவு, ஒரு பலூன் மாதிரி உருண்டையா, ஒரு வால். மூளை கிடையாது, கண்ணு கிடையாது, ஆனா தண்ணி கலங்கினா போதும், பளிச்னு ஒளிரும். கூட்டமா சேர்ந்தா பகல்ல கடலே சிவப்பா, தக்காளி கரைச்ச மாதிரி தெரியும். இருட்டினதும் நீலம். நாக்டிலூகான்னா 'இரவு விளக்கு'ன்னு அர்த்தம்.

இந்த அர்த்தத்தை நான் வாய்க்குள்ளேயே வச்சிருந்திருக்கலாம்.

மறுநாள் எங்க பரிசோதனைக்கூடத்துப் பெரிய மேடம், கடல் ஏன் சிவப்பா இருக்குன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க, நகராட்சிக்கு ஒரு அறிக்கை அனுப்பிடும்மான்னாங்க. உயிரிகளுக்கான படிவம் தீர்ந்து போச்சு. பொருள் விவரப் படிவம்தான் கட்டுக் கட்டா இருந்துச்சு, அதாவது மேசை, நாற்காலி, மின்விசிறிக்கு எழுதுறது. ஏதோ ஒண்ணுல எழுதும்மா, யாரு படிக்கப் போறான்னு மேடம் சொல்லிட்டாங்க. நானும் சந்தோஷத்துல வேகவேகமா எழுதினேன்.

பொருளின் பெயர்: நாக்டிலூகா, அதாவது இரவு விளக்கு. வகை: ஒரு செல். எண்ணிக்கை: லிட்டருக்கு நாற்பதாயிரம். இயக்கும் முறை: தட்டினால் எரியும். இருக்கும் இடம்: படகுத்துறை.

யாரு படிக்கப் போறான்னு மேடம் சொன்னது தப்பு. மேற்படியார் படிச்சுட்டார்.

ஒன்பதாவது நாள் அத்தைக்குக் கடிதம் வந்துச்சு. பதினோரு வருஷத்துல அந்த ஆபீஸ்ல இருந்து வந்த முதல் பதில். அத்தை கையைத் துடைச்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டே படிச்சாங்க. 'தங்கள் மனுவில் கோரியபடி மேற்படி படகுத்துறைக்கு இரவு விளக்கு வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே மேற்படி மனு மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்படுகிறது.'

அத்தை வெளியே போய்ப் படியைப் பார்த்தாங்க, கம்பம் ஏதும் முளைச்சிருக்கான்னு. முளைக்கல. என்னையும் இழுத்துக்கிட்டு நேரா ஆபீஸுக்குப் போனாங்க.

மேற்படியார் சிரிச்ச முகமா உட்கார வச்சார். ஒரு கோப்பை முடிச்ச மனுஷனுக்கு முகத்துல எவ்வளவு களை வருதுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அத்தை, நான் கேட்டது கம்பத்துல மாட்டுற விளக்குன்னாங்க. மனுவுல கம்பம்ங்கிற வார்த்தையே இல்லையேன்னு அவர் காட்டினார். நிஜமாவே இல்ல. 'இரவு விளக்கு ஒன்று'ன்னுதான் இருந்துச்சு.

"சார், அது விளக்கில்ல. கடல்ல இருக்குற பூச்சி" என்றாங்க அத்தை.

"பூச்சி இல்ல அத்தை, பூச்சிக்குக் கோடிக்கணக்கான செல் இருக்கும். இது ஒரே செல்" என்றேன் நான்.

"நீ கொஞ்சம் சும்மா இருடி."

"இல்லம்மா, பாப்பா சொல்றது சரி" என்றார் மேற்படியார். "படிவத்துலயும் அப்படித்தான் இருக்கு. என் வீட்டு டார்ச்சே ரெண்டு செல். ஒரே செல்லுல எரியுதுன்னா ரொம்பச் சிக்கனமான சாமான்."

"சார், அந்தச் செல் இல்ல. இது உயிருள்ள செல்."

"உயிர் இருக்கா? அப்ப மாத்தவே வேண்டாமா?"

"மாத்த வேண்டாம் சார், வளர்ந்ததும் அதுவே ரெண்டாப் பிரிஞ்சுக்கும்."

அவர் பேனாவை எடுத்து எழுதினார்: 'பராமரிப்பு தேவையில்லை. உதிரிப் பொருள் தானே உற்பத்தியாகும்.' அத்தை என் தொடையில கிள்ளின தடம் மூணு நாள் இருந்துச்சு.

அது அதோட முடியல. அடுத்த வாரம் தணிக்கைப் பிரிவுல இருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்துச்சு. மனுதாரர் கேட்டது ஒரு விளக்கு, வழங்கப்பட்டது லிட்டருக்கு நாற்பதாயிரம், கூடுதலாகப் பெற்ற முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதை ஏழு நாளுக்குள்ள திருப்பி ஒப்படைக்கணும். அத்தை ஒரு வாளி கடல் தண்ணியைக் கொண்டு போய் மேற்படியார் மேசையில தொப்புன்னு வச்சாங்க. அவர் பயந்து போய், எண்ணி வாங்க ஆள் இல்ல, நீங்களே வச்சு அனுபவிங்கன்னு திருப்பி அனுப்பிட்டார். வாளியைத் தூக்கிட்டு வர்ற வழியில, இருட்டான மாடிப்படிக்குக் கீழ வாளி ஆட ஆட நீலமா ஒளிர்ந்துச்சு. நான் நின்னு ரசிச்சேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில நானும் ஒளிர்ந்திருக்கணும்.

துறைமுக ஆய்வாளரும் வந்தார், விளக்கு வந்துடுச்சுன்னு அவருக்கும் நகல் போயிருந்தது. ஆய்வு அலுவலக நேரத்துலதான் செய்யணும், அதனால மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்தார். கடல் தக்காளி நிறத்துல கிடந்துச்சு. விளக்கு எங்கேன்னு கேட்டார். நகராட்சி ஆள் தண்ணியைக் காட்டினார். எரியலையேன்னார். பகல் சார்னார் அவர். ஆய்வாளர் யோசிச்சுப் பார்த்துட்டு எழுதினார்: 'பகலில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. சிக்கனம் பாராட்டத்தக்கது.'

ஆனா ஒரு சிக்கல். படிவத்துலயே இருக்கே, தட்டினால் எரியும்னு. அப்ப யார் தட்டுறது? அலை தட்டுது சார்னு நான் சொன்னேன். அலை நகராட்சி ஊழியர் இல்ல, அதைப் பொறுப்பாக்க முடியாதுன்னு ஒளியமைப்புப் பிரிவு இயக்குநரே சொல்லிட்டார். தட்டுநர்னு ஒரு பதவி உருவாச்சு. தகுதி: தட்டுதலில் ஐந்தாண்டு அனுபவம், அதற்கான சான்றிதழ்.

அத்தை விண்ணப்பம் போட்டாங்க. இருபத்திரெண்டு வருஷமாத் தினமும் துடுப்பாலயும் விசைப் பொறியாலயும் அந்தத் தண்ணியை அடிக்கிறவங்க அவங்கதான். தட்டுற வேலை தனக்கு வந்தா, தட்டுறதுக்கு வெளிச்சம் வேணும்னு சொல்லி ஒரு விளக்கை வாங்கிடலாம்னு கணக்குப் போட்டிருந்தாங்க. சான்றிதழ் இல்லைன்னு தள்ளிட்டாங்க. ஊர் முழுக்கத் தேடினா, தட்டுறதுக்கு முறையா சான்றிதழ் வச்சிருந்தது ஒரே ஆள். இளநிலை, முதுநிலை ரெண்டுலயும் முதல் வகுப்பு. அந்த ஆபீஸோட தட்டச்சு அக்காதான்.

மறுநாளே அக்காவைப் படகுத்துறைக்கு மாத்திட்டாங்க.

பாவம், அக்கா முதல் நாள் சாயங்காலம் ஒரு முக்காலியைத் தூக்கிட்டு வந்து கடைசிப் படியில போட்டு உட்கார்ந்தாங்க. சேலையை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, பத்து விரலையும் தண்ணியில வச்சு, பழக்கத்துல அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை. ஒவ்வொரு விரல் பட்ட இடத்துலயும் ஒரு நீலப் பொட்டு. வரி முடிஞ்சா கையை இடது பக்கம் தள்ளிக்கிட்டு அடுத்த வரி. கடல் மேல நீலம் வரி வரியா எழுந்து எழுந்து அணைஞ்சுது. என்னக்கா அடிக்கிறீங்கன்னு கேட்டேன். மேசையில பாக்கி கிடந்த கடிதங்கள்னாங்க.

"இங்க ஒரு வசதி பாரு. தப்பா அடிச்சா அழிக்கவே வேண்டியதில்ல."

இதை யாரோ படம் எடுத்து போன்ல போட்டுட்டாங்க. அவ்வளவுதான். ஒரே வாரத்துல ஊர் தலைகீழாச்சு. அக்கரையில இருந்தும் அதுக்கும் அப்பால இருந்தும் ஜனம் வந்து குவிஞ்சுது. நீல நகப்பூச்சு, நீல உதட்டுச்சாயம். டீக்கடையில நீலமா எதையோ கலக்கிக் கொடுத்து, குடிக்கிறதுக்கு முன்னாடி கோப்பையைத் தட்டணும்னு சொன்னாங்க. வாடகைக்கு வீடு விடுறவங்க 'ஒளிரும் திசை நோக்கிய அறை'ன்னு பலகை வச்சாங்க, அதுல பாதி அறைக்கு ஜன்னலே கிடையாது. இப்படிக் கடல்ல மிதக்குற உயிரிகளுக்குப் பொதுப் பேரு பிளாங்க்டன், அதுவே எனக்கும் பேராயிடுச்சு. நான் கண்ணாடிக் குடுவையைக் குலுக்கிக் குலுக்கி விளக்கம் சொல்லுவேன், எல்லாரும் ஓன்னு வாயைப் பொளப்பாங்க. எனக்குத் தலைகால் புரியல.

சட்டைக்கடைக்காரர் கடையை மூடிட்டு 'ஒரு செல் வாழ்க்கை'ன்னு பயிற்சி வகுப்பே தொடங்கிட்டார். மனுஷனுக்கு எதுக்கு இத்தனை செல், அதனாலதான் இத்தனை கவலைன்னு ஆரம்பிப்பார். எல்லாரும் தரையில கை காலைச் சுருக்கி உருண்டையாப் படுக்கணும். எதையும் யோசிக்கக் கூடாது. அவர் வந்து தோள்ல தட்டினா மட்டும் பளிச்னு சிரிக்கணும், உடனே அணைஞ்சுடணும். இதுல தேர்ச்சி பெற நாற்பது நாள் ஆகும்னு சொன்னார். ஒளியமைப்புப் பிரிவு இயக்குநர் சேர்ந்தார். முதல் நாளே சட்டைக்கடைக்காரர், உங்களுக்குக் கத்துக்கொடுக்க என்கிட்ட எதுவுமே இல்லைன்னு சொல்லி சான்றிதழ் கொடுத்து அனுப்பிட்டார்.

இயக்குநர் அந்த உற்சாகத்துல ஆபீஸையும் ஒரு செல் முறைக்கு மாத்தினார். நாக்டிலூகா வளர்ந்ததும் ரெண்டாப் பிரியுதுன்னு என் விளக்கத்துல கேட்டிருக்கார். நியமனம் இல்லாம, நேர்காணல் இல்லாம ஒரு துறை வளருதுன்னா அதுல ஏதோ ரகசியம் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டார். திங்கக்கிழமை பிரிவு ரெண்டாச்சு. வியாழக்கிழமை நாலாச்சு. ஆட்கள் அதே ஆட்கள்தான். மேற்படியார் மேசை நடுவுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாங்க. வலது பக்கம் அவர் அனுப்புநர், இடது பக்கம் பெறுநர். வலது பக்கம் உட்கார்ந்து கடிதம் எழுதுவார், எழுந்து சுத்தி வந்து இடது பக்கம் உட்கார்ந்து பிரிப்பார். ஒரு தடவை தனக்கே காட்டமா ஒரு பதில் எழுதிட்டு, ரெண்டு நாள் தன்கூடப் பேசாம இருந்தார்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

இவ்வளவு நடக்குது, ஏழாவது படி மட்டும் அப்படியே இருட்டுல கிடக்குது. ஒளியெல்லாம் கீழ தண்ணியில. படிக்கு மேல ஒரு துளி கிடையாது. வேடிக்கை பார்க்குற கூட்டம் வேற, கண்ணு கடல்ல, கால் படியில. அத்தை தினமும் ஏழரை மணிப் படகைக் கட்டிட்டு, முன்னாடி ஓடிப் போய் ஏழாவது படி மேல காலை அகட்டி நின்னுக்குவாங்க, எல்லாரும் தன்னைச் சுத்திப் போகட்டும்னு. முட்டி வலியோட அப்படி நிக்கிறதை தட்டச்சு அக்கா கீழ இருந்து தினமும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

ஒரு நாள் அக்கா கையைத் துடைச்சுட்டு எழுந்து வந்தாங்க. "அண்ணி, நான் பத்தொன்பது வருஷமா அந்த ஆபீஸ் கடிதமெல்லாம் அடிச்சவ. அங்க யாரும் படிக்கிறது கிடையாது, வார்த்தையை வார்த்தையோட பொருத்திப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். விளக்கு வேணும்னு கேட்டா, கொடுத்தாச்சுன்னுதான் வரும். நான் வேற மாதிரி அடிக்கிறேன்."

பிரிஞ்ச நாலு பிரிவுல ஒண்ணுக்கு எண்ணிக்கைப் பிரிவுன்னு பேரு. தினமும் ராத்திரி எத்தனை விளக்கு எரியுதுன்னு வந்து எண்ணிப் பதிவு பண்ணணும். அந்த ஆள் இருட்டுல நோட்டுப் புத்தகம் தெரியாம 'ஏராளம்'னு எழுதிட்டுப் போய்க்கிட்டிருந்தார். அக்கா ஒரு குறிப்பு அடிச்சு அவர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க: 'எரியும் இரவு விளக்குகளை எண்ணிப் பதிவு செய்யப் போதிய வெளிச்சம் இல்லை. ஆகவே, விளக்குகள் எரிகின்றனவா எனப் பார்க்க, கம்பத்துடன் கூடிய விளக்கு ஒன்று தேவை.'

மூணாவது நாள் கம்பம் வந்துச்சு.

வெள்ளை வெளிச்சம், இருபத்திமூணு படிக்கும் போதுமான வெளிச்சம். அன்னைக்கு அத்தை படகைக் கட்டிட்டு ஒவ்வொரு படியா ஏறினாங்க, கைப்பிடியைத் தொடாம. ஏழாவது படிகிட்ட வந்து குனிஞ்சு அதோட உடைஞ்ச வாயையும் பாசியையும் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இத்தனை வருஷத்துல இருட்டினப்புறம் இவன் மூஞ்சியை இன்னைக்குத்தாண்டி பார்க்குறேன்." அன்னைக்கு ராத்திரி வீட்டுல அவங்க முட்டிக்கு எண்ணெய் தேய்க்கக் கூட உட்காரல, பாடிக்கிட்டே பாத்திரம் கழுவினாங்க.

நாலு நாள் எரிஞ்சுது அந்த விளக்கு.

நாலாவது நாள் சட்டைக்கடைக்காரர் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு தாளோட வந்தார். நான் தகடு கழுவிக்கிட்டிருந்தேன், ஒரு கை ஈரம், இன்னொரு கையில குடுவை. தலைப்பு பெரிய எழுத்துல இருந்துச்சு: 'இரவு ஒளியைக் காப்போம்.' எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நம்ம நாக்டிலூகாவுக்காக மக்கள் மனு போடுறாங்களே. முதல் இடத்தை உங்களுக்குன்னே காலியா விட்டிருக்கோம் பிளாங்க்டன்னு சொன்னார். கீழ என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கல. வார்த்தை பொருந்துச்சு, போட்டுட்டேன்.

கீழ எழுதியிருந்தது இதுதான்: கம்பத்து விளக்கோட வெளிச்சத்துல கடலோட ஒளி தெரியல, படமும் சரியா விழல, அதை உடனே கழட்டணும். மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு கையெழுத்து. ஏழரை மணிப் படகுல தினமும் வர்றவங்க கையெழுத்தே அதுல நூறு இருந்துச்சு.

மறுநாள் மத்தியானத்துக்குள்ள கழட்டிட்டாங்க. மேற்படியார் நேர்ல வந்து நின்னு கழட்ட வச்சார். ஒரு மக்கள் கோரிக்கையை ஒரே நாள்ல நிறைவேத்துறது இந்த ஆபீஸ் வரலாத்துல இதுதான் முதல் தடவைன்னு எல்லார்கிட்டயும் சொன்னார். அத்தை மனுவோட நகலை வாங்கிப் பார்த்தாங்க. முதல் கையெழுத்துல விரல் நின்னுச்சு.

"கையெழுத்து நல்லா இருக்குடி" என்றாங்க. "ஒரு சுழி கூட விடல."

அடிச்சிருந்தா கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு.

அடுத்த வாரம் காத்து திசை மாறுச்சு. ஒரே நாள்ல கடல் தெளிஞ்சு போச்சு. நாக்டிலூகா வந்த மாதிரியே போயிடுச்சு, அதுங்க எப்பவும் அப்படித்தான். நீல நகப்பூச்சு உரிஞ்சுது, சட்டைக்கடைக்காரர் மறுபடி சட்டை மடிக்க ஆரம்பிச்சார். ஆபீஸ் பதிவேட்டுல மட்டும் லிட்டருக்கு நாற்பதாயிரம் விளக்கு அப்படியே எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, அணைஞ்சதாச் சொல்ற படிவம் எதுவும் அவங்ககிட்ட இல்ல. தட்டச்சு அக்காவோட மாறுதல் உத்தரவுல முடிவுத் தேதி இல்லாததால அவங்களும் கறுப்புத் தண்ணியில உட்கார்ந்து தட்டிக்கிட்டே இருந்தாங்க.

நான் மட்டும் நம்பிக்கையை விடல. அக்கரையில எங்காவது நாலு மிச்சம் இருக்கும்னு குடுவையில தண்ணி மொண்டுக்கிட்டு ஏழரை மணிப் படகுல வந்தேன். இறங்கி, குடுவையைக் குலுக்கினேன், ஒண்ணும் இல்ல. முகத்துக்கு நேராத் தூக்கி மறுபடி குலுக்கிக்கிட்டே ஏறினேன். ஒரே ஒரு பொட்டு நீலம். ஒண்ணே ஒண்ணு. அத்தை, ஒண்ணு இருக்கு அத்தைன்னு கத்தினேன். கீழ இன்னும் படகைக் கட்டிக்கிட்டிருந்த அத்தை, ஏழாவதுடின்னு கத்தினாங்க.

குடுவை உடையல. எனக்குத்தான் கணுக்கால்ல விரிசல். முன்னாடி விழுந்தாங்களே அந்த நர்ஸ், அவங்கதான் கட்டுப் போட்டாங்க. படகுல வந்த எல்லாருக்கும் அந்த மிதவை வளையத்துக்குப் பக்கத்துல ஒட்டின காகிதம்தான் ஞாபகம்.

காலையில பத்து மணிக்கு ஆய்வாளர் வீட்டுக்கே வந்துட்டார். கையில விபத்துப் படிவம். அத்தை கதவுகிட்ட நின்னாங்க, கூப்பிடாமலேயே தட்டச்சு அக்காவும் வந்து நின்னாங்க. ஆய்வாளர் நல்ல மனுஷன், விதியைப் பொறுமையா விளக்கிச் சொன்னார். இருட்டுல விழுந்திருந்தா படகுத்துறையோட குற்றம், ஏழரை மணிப் படகு இன்னையோட நிக்கும். வெளிச்சத்துல விழுந்திருந்தா விழுந்தவர் குற்றம், படகு ஓடும்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"விழும்போது விளக்கு எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சுது சார்."

"எத்தனை?"

"லிட்டருக்கு நாற்பதாயிரம்."

அவர் பதிவேட்டு நகலை எடுத்துச் சரி பார்த்தார். எண் அப்படியே பொருந்துச்சு. திருப்தியா தலையாட்டிட்டு அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது எப்படிம்மா விழுந்தீங்க?"

இதை நாங்க யாரும் யோசிச்சு வைக்கல. அத்தை சுவரை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க.

"கண்ணு கூசிடுச்சு சார்."

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், ஒரு சுழி விடாம. படகு பிழைச்சுது. அன்னைக்கு ஏழரை மணிக்கு அது வழக்கம் போல வந்து சேர்ந்துச்சு, அத்தை முன்னாடி ஓடி வந்து ஏழாவது படியில காலை அகட்டி நின்னாங்க.

எட்டாவது நாள் சாயங்காலம் ஒரு வண்டி வந்து, படகுத்துறையில இருந்து எங்க வீடு வரைக்கும் மிச்சமிருந்த மூணு தெரு விளக்கையும் கழட்டி ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. கதவுல ஒரு உத்தரவை ஒட்டியிருந்தாங்க. நான் ஊன்றுகோலோட நொண்டிக்கிட்டு வந்து பார்த்தேன், ஒரு எழுத்து கூடத் தெரியல. அத்தை உள்ளே போய் டார்ச்சை எடுத்துட்டு வந்து, என் தோளுக்கு மேல பிடிச்சு அடிச்சாங்க.

'அளவுக்கு அதிகமான வெளிச்சத்தால் பயணி ஒருவர் கண் கூசி விழுந்ததாக எழுத்து மூலம் தெரிவித்துள்ளதால், மேற்படி பயணியின் நலன் கருதி.'

டார்ச் கொஞ்சம் மங்கலா எரிஞ்சுது. அத்தை அதைத் தட்டினாங்க. பளிச்னு வந்துச்சு.

ரெண்டு செல்.